கோப்பைக்கு அடியில் ஒரு தீவு

பெர்லினில் பெரிய மனிதர்கள் துருக்கி ராஜ்ஜியத்தைப் பங்குபோட்ட அன்று, வரைபடத்தில் அடா காலே தீவின் மேல் யாரோ காப்பிக் கோப்பையை வைத்துவிட்டார்களாம். அதனால்தான் தீவு எவர் பங்கிலும் சேரவில்லையாம். படகோட்டி ஷாகிர் அக்கரைச் சாராயக்கடையில் கேட்டு வந்த கதை. அவனுக்குச் சொன்னவனும் யாரோ சொல்லிக் கேட்டவன்தான்.

தீவுக்காரர் நெஜிப் அதை அப்படியே நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? கோட்டையில் ஆஸ்திரியச் சிப்பாய்கள், அலுவலகத்தில் சுல்தானின் அதிகாரி. தீவு தங்களுடையதுதானா என்று இரண்டு பேருக்குமே சந்தேகம்; அதனால் வரியும் கேட்கவில்லை, பட்டாளத்துக்கு ஆளும் பிடிக்கவில்லை. அந்த நிம்மதியில்தான் அவர் ஹாஜெரைக் கட்டினார், அத்திப்பழ ஜாம் காய்ச்சி விற்றார், மகன் வெஹ்பியைப் பெற்றார். தினமும் சுல்தானின் கொடியை ஏற்றுவதும் அவர் வேலை. பாதிக் கம்பத்துக்கு மேல் ஏற்றமாட்டார். தீவைச் சுற்றி ஓடும் டான்யூப் ஆற்றில் போகிற கப்பல்காரன் எவனாவது பார்த்து, தீவு ஞாபகம் வந்து தொலைத்தால்?

பால்கனில் சண்டை மூண்டதும் அதிகாரி அலுவலகச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இஸ்தான்புல் போனார். மேஜை மேல் புதுத் தொலைபேசி ஒன்று சும்மா கிடந்தது.

அக்கரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஷாகிர் அலுவலகத்துக்கு ஓடிவந்து சொல்லி வாய் மூடவில்லை, தொலைபேசி அடித்தது.

“எடுங்க மாமா, காது கிழியுது!”

“சும்மா இருடா. எடுத்தா எந்த ஊருன்னு கேப்பான். சொன்னா முடிஞ்சுது. நம்ம வெஹ்பி கையில துப்பாக்கிதான்.”

“கோழி அறுத்தாலே மயங்கி விழுற பய!” என்று கூட இருந்த ஹாஜெர் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, ஒருவேளை சுல்தானே கூப்பிட்டா?”

“அவருக்கும் ஞாபகம் வரவேண்டாம். அவருக்கும் சண்டைக்கு ஆள் வேணும்ல?”

“எடுக்கலேன்னா நேர்லயே ஆள் அனுப்புவான் மாமா.”

“இல்லாத ஊருக்கு எப்படிடா அனுப்புவான், அறிவுகெட்டவனே!”

மணி நின்றது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். மறுபடி அடித்தது. நெஜிப் குடித்துக்கொண்டிருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார். அளவு போதாது.

“ஹாஜெர், அந்த ஜாம் அண்டாவை எடுத்துட்டு வா.”

“ஐயோ, அதுல இன்னும் பாகு ஒட்டியிருக்குங்க!”

“இருந்துட்டுப் போகட்டும்.”

அண்டாவைக் கவிழ்த்து மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அடியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.