லாண்டரி அக்கா படித்த மாயக்கதை

லாண்டரி அக்காவுக்குக் கதைப் புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது. ஆனாலும் கணவருடைய மூத்த தாரத்து மகள் எழுதிய முதல் நாவல் அச்சாகி வந்ததும், கடையில் போய் ஒரு பிரதி வாங்கி வந்தாள். சின்னப் பிள்ளையாகக் கைக்கு வந்த பெண். 'சித்தி' என்று கூப்பிடுவாள், அதற்கு மேல் பேச்சு வளராது. 'உம்மணாமூஞ்சி' என்று அக்கா மனதுக்குள் பேர் வைத்திருந்தாள். அந்த உம்மணாமூஞ்சியின் மனதில் தனக்கு ஓர் ஓரமாவது இடம் உண்டா என்பது இன்றுவரை பிடிபடவில்லை. புத்தகத்திலாவது தெரியுமா என்றுதான் வாங்கினாள்.

தன் லாண்டரியில் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்க, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். இளவட்டங்களுக்கான கதை. பறக்கிற குதிரை, பேசுகிற கிணறு என்று காதில் பூச்சுற்றுகிற சமாசாரம். வாயைத் திறந்தால் மூடாத அந்தக் கிணறு தங்கள் மாடிவீட்டுக்காரரேதான் என்று சிரித்துக்கொண்டாள். அப்புறம் அரண்மனைக்குப் புது ராணி வந்தாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாயில்லாத இளவரசி, ராணி துவைக்க எடுக்கும் தன் அங்கியின் பையில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். நீல இறகு, பாசிமணி, தானே செதுக்கிய மரக்குருவி. எல்லாம் ராணிக்கு, கையில் கொடுக்கக் கூச்சம். ராணியோ அவற்றை எடுத்து, ஒரு தட்டில் போட்டு, இளவரசியின் கட்டிலருகே திருப்பி வைத்துவிடுகிறாள். திரும்பி வந்ததெல்லாம் கல்லாகிறது. கல்மேல் கல்லாக இருவருக்கும் நடுவே மதில் எழும்புகிறது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாண்டரித் தொழிலில் முதல் பாடமே அதுதான்: துணியை நனைக்கும் முன் பையைத் துழாவு, கிடைத்ததைத் தட்டில் போடு, ஆராயாதே, உரியவரிடம் சேர்த்துவிடு. பழக்கதோஷம், வீட்டுத் துணிக்கும் அதையேதான் செய்தாள். பிள்ளை மறந்து விட்டிருக்கிறது என்று இறகையும் மணியையும் குருவியையும் பத்திரமாக அதன் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். நாணயமாக நடந்துகொண்டோம் என்ற பெருமை வேறு. இப்போது பக்கங்களைத் தள்ளிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு ஓடினாள். மாயக்கதையில்கூட அந்த மதில் இடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெண்ணின் அறை வாசலில் போய் நின்றாள்.

"படிச்சிட்டேன்," என்றாள். "அந்தக் குருவி எனக்கா?"

"வேற யாருக்கு சித்தி?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். கடையில அப்படித்தான் எடுத்து வைப்போம். உங்களுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. இது அவளும் எதிர்பாராதது.

"வேண்டாம்னு திருப்பிக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். இது என்னன்னு நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "அந்தக் குருவி இப்ப எங்கடா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன், சித்தி. அன்னைக்குத்தான் எழுத ஆரம்பிச்சேன்."