பெருசு போட்டிருக்கு

சுரேந்தர் காருக்கு அடியில் படுத்திருந்தால், எங்கள் தெருவில் போகிறவர்கள் நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் தாண்டிவிட்டால் தப்பித்தோம். தாண்டுவதற்குள் கீழேயிருந்து குரல் வந்துவிடும்: "சார், அந்தப் பின் சக்கரத்த ரெண்டு சுத்து சுத்தி விடுங்க. மெதுவா."

ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று இருக்கும். நாம் சுற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு அதற்கு எத்தனை தடவை சுழல்கிறது என்று அவர் அடியில் படுத்தபடி எண்ணுவார். விடை அவருக்கு முன்பே தெரியும். "நாலரை" என்பார். நாலு புள்ளி ஐந்து ஐந்து என்பதே சரி. பல்சக்கரத்தில் பல் முளைத்தால் ஒழிய மாறாத எண் அது. ஆனாலும் எண்ணிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

தேவராஜ மொஹல்லாவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பார்வை சோதிக்கும்போது ஒரு லென்ஸைக் காட்டி, எடுத்து, மறுபடி ஒன்றைக் காட்டி, "மொதல்லதா, இப்பதா?" என்று கேட்பார். சில சமயம் அதே லென்ஸைத்தான் இரண்டாவது தடவையும் வைப்பார். வாடிக்கையாளர் யோசித்து "இப்பத்தான் தெளிவு" என்றால் அவருக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். கேட்டதற்கு ஒருபோதும் பொய் சொல்லமாட்டார். கேட்காததைச் சொல்லவும் மாட்டார்.

கார் சிவப்பு. இரண்டே இருக்கை. இடுப்புயரம்கூடக் கிடையாது. அதில் ஏறுவது ஏறுவதல்ல, இறங்குவது. ஞாயிறு காலையில் சாமுண்டி மலைக்கு அதை ஓட்டிப் போவார். சாமி கும்பிட அல்ல. மலையின் ஒரு வளைவில் கியர் மாற்றாமல் வண்டி ஏறுகிறதா என்று பார்க்க. பின் அச்சில் நாலரை இருந்தால் சிரித்துக்கொண்டு ஏறும். அதே வண்டி பெங்களூர் சாலையில் போனால் எஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பின் அச்சின் பல்சக்கரத்தையே மாற்றி மூன்று புள்ளி ஒன்பது போட்டால் சாலையில் சாதுவாகப் போகும். மலையில் பெருமூச்சு விடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

மெக்கானிக் ரவிக்குமார் சமாதானத்துக்கு வழி சொன்னார். நடுவில் நாலு புள்ளி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு "சும்னே", சும்மா, இருங்கள் என்று கன்னடம் கலந்து சொன்னார். சுரேந்தருக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஊர் வழக்கப்படி அவரைக் 'குரு' போட்டு அழைத்தார். "அது ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற சந்து, குரு. யாருக்கும் சொந்தமில்ல."

அவர் மனைவி ரூபாவுக்கு ஊர் ராமாபுரம். தையல் தெரிந்தவர். கார் நிற்கிற ஷெட்டில் நான்கு மெஷின் போட்டு வகுப்பு நடத்த வேண்டும் என்று வெகு நாட்களாகச் சொல்கிறார். நான்கு மெஷினுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அவர் கணக்கு. போன மாதம் பேச்சு முற்றி ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. சாலைக்கு ஏற்ற பல்சக்கரத்தைப் போட்டுப் பெங்களூரில் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். எண்பதில் போகும்போது அவர் சாதாரணமாகப் பேசுவது கணவருக்குக் கேட்டால் கார் இருக்கலாம். கேட்காவிட்டால் காரை விற்றுவிட வேண்டும், ஷெட் ரூபாவுக்கு.

கிளம்புகிற அன்று வாசலில் நானும் நின்றிருந்தேன். "மாத்திட்டீங்களா?" என்று ரூபா கேட்டார்.

"ஏறு ஏறு. பெருசு போட்டிருக்கு."

பெரியது என்றால் வேகத்துக்குப் பெரியது என்று ரூபா எடுத்துக்கொண்டார். யாராயிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கில் எண் பெரிதானால் வேகம் சிறிது. வண்டியில் இருந்தது பழைய நாலரையேதான்.

இதில் அவர் செய்திருந்த தந்திரத்தை நான் தாளில் போட்டுப் பார்த்துதான் புரிந்துகொண்டேன். அந்தக் காரின் வேகமானி சக்கரத்தைப் பார்ப்பதில்லை. எஞ்சினிலிருந்து வரும் தண்டைப் பார்க்கிறது. அதன் எண்கள் மூன்று புள்ளி ஒன்பதுக்காக எழுதப்பட்டவை. ஆகவே நாலரையில் முள் எண்பதைக் காட்டும்போது கார் உண்மையில் போவது அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோதான். எஞ்சின் சத்தம் மட்டும், சரியான பல்சக்கரத்தில் எண்பதுக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். முள்ளும் காதும் ஒரே சாட்சி சொல்லும். மாற்றிச் சொல்லக்கூடியது சாலை ஒன்றுதான். அதை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. முள் எண்பதைத் தொட்டது. ரூபா தன் தங்கையின் மாமியாரைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசினார். சுரேந்தர் ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொன்னார். ஷெட் தன் கையை விட்டுப் போகிறது என்று ரூபாவே முடிவு செய்துவிட்டாராம். மண்டியாவைத் தாண்டியதும் வீடு மாற்றுகிற யாரோ ஒருவரின் சாமான்களைச் சுமந்த குட்டியானை ஒன்று, பீரோவும் வாளியும் குலுங்க, இவர்களை நிதானமாகக் கடந்தது. சாமான்களுக்கு மேலே மெத்தையில் ஒருவர் படுத்திருந்தார். மெத்தை என்பது ரூபா சொன்னது. கட்டில் என்கிறார் சுரேந்தர். மற்றபடி இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

"ஏனுங்க, நாம எம்பதுல தான போறோம்?"

"முள்ளப் பாரு."

"முள்ளு கெடக்கட்டும். அந்தாளு தூங்கறாருங்க."

சுரேந்தர் வேகமானியின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். முள் எண்பதிலேயே நின்றது.

"என்னத்தப் போட்டீங்க?"

"பெருசுன்னு சொன்னேனே."

"எது பெருசு?"

"நம்பர்."

அதற்குப் பிறகு தங்கையின் வாசல் வரை அந்தக் காரில் பேச்சு கேட்குமா கேட்காதா என்று சோதிக்க வழியில்லாமல் போயிற்று. திரும்பி வந்ததும் ரூபா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். சோதனையில் ஏமாற்றினால் தோற்றதாகத்தான் அர்த்தம். சுரேந்தர், எண்பதில் பேச்சு கேட்டதா இல்லையா என்று மட்டும் ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் அந்தக் காரில் வரவில்லை என்றேன்.

மறுநாள் காலை ரூபா டேப்புடன் ஷெட்டுக்குள் போனார். முதலில் இடத்தை அளக்க வேண்டும். நான்கு மெஷினுக்கு வேண்டிய பன்னிரண்டு அடி மட்டுமட்டாகவாவது இருக்கிறது என்று உறுதியானதும் காரை வாங்க ஆள் வரச் சொல்லலாம் என்றார். சுரேந்தர் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. கூப்பிடாமலே உதவிக்கு வந்தார். டேப்பின் மறுமுனையை வாங்கிக்கொண்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி உள்ளே போனார். "இழுத்துப் புடிச்சீங்களா? பார்க்கட்டுமா?" என்று ரூபா இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"பாரு பாரு. கெட்டியாப் புடிச்சிருக்கேன்."

கெட்டியாகத்தான் பிடித்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அந்த மூலை நன்றாகத் தெரிந்தது. காருக்குப் பின்னால் குனிந்து, சுவருக்கு ஒரு முழம் முன்னால், டேப்பின் நுனியைத் தரையோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.