மொச்சையில் பொறுக்கிய புழுக்கள்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஏலத்தோட்டம், லோயர் கேம்ப் வாய்க்கால் வேலை, கம்பம் பக்கம் பருத்திக்காடு என்று எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. எழுபதுகளில் ஒரு கார்த்திகையில் மயிலாடும்பாறைக்கு, அக்கா வீட்டுக்குப் போய் நின்றேன். மாமா இறந்துபோயிருந்தார். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பிடித்த ஒரு ஏக்கர் மானாவாரியில் அக்கா தனியாளாக மொச்சை போட்டிருந்தாள். அது விளைந்தால்தான் மறு வருடமும் நிலம் அவள் கையில் நிற்கும்.

கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. நடுவே காலில்லாத பச்சைப் புழுக்கள் நெளிந்தன. குளவி போல மஞ்சள் வரி போட்ட ஈக்கள் செடிக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்றன.

"அது கொட்டாதுலே. பூவுல தேன் குடிக்க வரும்," என்றாள் அக்கா. விடியலில் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பல் தூவுவது அவள் வழக்கம்.

"சாம்பலுக்கு இதுக சாகுமாக்கா? கொழுந்தத் திங்கிறதே இந்தப் புழுதான். பருத்தியில நான் பொறுக்காத புழுவா?"

காய்ப்புழு பொறுக்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விவசாயம். நான்கு நாள் குனிந்தே கிடந்து, ஒன்று விடாமல் மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன். ஈக்களைத் துண்டால் அடித்தேன். நான்கு நாளும் அக்கா எனக்கு நெல்லுச்சோறு ஆக்கினாள். அவள் கம்மங்கூழ் குடித்தாள்.

பத்து நாளில் அசுவினி தண்டுவரை இறங்கியது. இலைகள் பிசுபிசுத்துக் கரி பிடித்தன. பூ உதிர்ந்தது.

"நெலத்துக்காரக வந்து பாத்துட்டுப் போயிட்டாக. ஒரு வார்த்த பேசல," என்றாள் அக்கா.

தை பிறந்ததும் நிலம் வேறு ஆளுக்குப் போனது. அக்கா ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறினாள். நானும் கிளம்பிவிட்டேன்.

சில வருடம் கழித்து, அனுமந்தன்பட்டியில் ஒரு அவரைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அதே புழுவைப் பார்த்தேன். கண்ணில்லாத தலையை அங்குமிங்கும் ஆட்டித் துழாவியது. அசுவினி ஒன்று தட்டுப்பட்டதும் கவ்வித் தூக்கி, உறிஞ்சி, வெறும் தோலை உதறியது. பிறகு அடுத்தது. மடை மாற்ற மறந்து நின்றேன். தினமும் போய்ப் பார்த்தேன். புழு இலையில் ஒட்டி நீர்த்துளி வடிவில் கூடாக உறைந்தது. ஒரு காலை அதை உடைத்துக்கொண்டு மஞ்சள் வரி ஈ வந்தது.

மலைக்குப் போய்ச் சொன்னேன். அக்காவின் விரல்கள் வெடித்திருந்தன.

"அப்ப நீ டப்பாவுல போட்டதெல்லாம் நம்ம செடியக் காத்த புழுவா?"

"ஆமாக்கா."

"அதுக பாட்டுக்கு வேல பாத்துச்சுக. உனக்கு நெல்லுச்சோறு ஆக்கிப் போட்டு அதுகளக் கொல்ல விட்டேன் பாரு."

கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.