வீட்டை மதிக்க வந்தவர்

நாலைந்து வருடங்களுக்கு முன்னர் நடந்தது இது. ரொறன்ரோவில் வீட்டு விலைகள் கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த நேரம். ரூஜ் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டின் கடனை என் கணவர் கட்டி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

மகனுக்கு ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் ஒரு பெரிய புது வீட்டில் ஆசை வந்துவிட்டது. என் வீட்டை ஈடு வைத்து பாங்கில் காசு எடுத்தால் அதை வாங்கலாம் என்று வீட்டு ஏஜென்ட் தம்பி சொல்லிக்கொடுத்தார். கட்ட முடியாமல் போனால் இருக்கிற வீடும் போய்விடுமே. ஆனால் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். படித்த மகனுக்கு நான் என்னத்தைச் சொல்வது? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பாங்க் சொல்லி, வீடு எவ்வளவு பெறும் என்று மதிக்க ஒருவர் வருகிறார், அவரும் தமிழர்தான் என்று தெரிந்ததும் ஏஜென்ட் தம்பிக்குச் சந்தோசம்.

"அன்ரி, றோல்ஸ் பொரிச்சு வையுங்கோ. ஊர்க் கதை கொஞ்சம் கதையுங்கோ. மனம் குளிர்ந்தால் மனுசன் நல்லாய்க் கூட்டிப் போடும்."

பேஸ்மென்டில் யன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கேதான் மாதா சுருவத்தை வைத்து நான் செபம் சொல்வது. அதையும் படுக்கையறையாகக் காட்டினால் மதிப்பு ஏறுமாம், கடனும் கூடக் கிடைக்குமாம். மகனும் ஏஜென்ட் தம்பியுமாக மாதாவைத் தூக்கி ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டு அந்த அறையில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார்கள்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறை அறையாக அளந்தார், படம் எடுத்தார். எந்த ஊர் என்று மெதுவாகக் கேட்டேன். "ஸ்காபரோ" என்றார். அதற்கு மேல் என்ன கதைக்க? றோல்ஸையும் தேத்தண்ணியையும் கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் போத்தல் தண்ணீரைக் குடித்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்து வாய் நனைக்காமல் போகிறவர், ஒன்று கோபக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் அந்த வீட்டாரைக் குறைவாக நினைக்கிறவராக இருப்பார். வீட்டை மதிக்க வந்தவர் எங்களை மதிக்கவில்லையே என்று எனக்கு முகம் செத்துப்போனது.

அவர் அதைக் கண்டுவிட்டார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. உங்கட கையால சாப்பிட்டுட்டுக் குறைச்சு எழுத எனக்கு மனம் வராது. கூட்டி எழுதினால் றோல்ஸுக்கு எழுதினவன் எண்டு சனம் சொல்லும்."

பிறகு எல்லோருமாகப் பேஸ்மென்டுக்கு இறங்கினோம். அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம்தான் கேட்டார்.

"இதில ஆர் அம்மா படுக்கிறது?"

மகன் என்னைப் பார்த்தான். ஏஜென்ட் தம்பியும் பார்த்தார்.

"மாதா" என்றேன்.

"மாதா இப்ப எங்கை?"

"ஃபிரிட்ஜுக்கு மேல."

அவர் அப்போதுதான் சிரித்தார்.

ஏஜென்ட் தம்பி அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணை, எங்கட சனம்தானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்றது எனக்கும் கேட்டது.

"தம்பி, யன்னல் இல்லாதது படுக்கையறை இல்லை. இன்னொருக்கால் இப்பிடிக் கேட்டியள் எண்டால் கேட்டதையும் சேர்த்து எழுதிப்போடுவன்."

ஏஜென்ட் தம்பி சொன்ன விலைக்கும் அவர் போட்ட மதிப்புக்கும் கனதூரம். நாங்கள் கேட்ட அளவுக்குப் பாங்க் கடன் தரவில்லை. கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடியால் விட்பி வீட்டுக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வந்தது. "எங்கட ஆளே எங்களுக்குக் குழி பறிச்சிட்டான்" என்று ஏஜென்ட் தம்பி திட்டினார். மகன் பல நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நான் மட்டும் சுருவத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அதன் பிறகு வட்டி ஏறியது, வீட்டு விலை இறங்கியது. விட்பியில் அதே தெருவில் வீடு வாங்கிய மகனின் கூட்டாளி கட்ட முடியாமல் நட்டத்துக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளோடு வாடகைக்குப் போனார். அந்த வீட்டுச் சாமான் ஏற்ற உதவிக்குப் போன மகன் திரும்பி வந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, அண்டைக்கு அந்த மனுசன் கூட்டிப் போட்டிருந்தால் எங்களுக்கு இந்த வீடும் இல்லை" என்றான்.

எனக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள் எல்லோரும் என் வீட்டைப் பெரிதாக்கித்தான் சொன்னார்கள். என் பெயரைக்கூடக் கேட்காத ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போனதால்தான் நான் இன்றைக்கும் என் வீட்டுக் கதவை என் திறப்பால் திறக்கிறேன்.