மதுக்கடை வாசல் வரை

1884 மே 4: புறாக்கூட்டுக்குப் பலகை, 3 பிராங்க்.
1884 மே 11: ஒரு ஜோடிப் புறா, 6 பிராங்க்.
1886 ஜூன் 13: பந்தயக் கட்டணம், 2 பிராங்க்.
அன்றைய முதல் பரிசு, 60 பிராங்க்.

பிரான்ஸில் லான்ஸ் ஊர்ப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டு வேலை செய்த ஃப்ளோரிமோன் கோத்ரோனின் தாத்தாவும் அப்பாவும் குடித்தே செத்தவர்கள். ‘அந்த ரத்தம் சும்மா இருக்காது’ என்று ஊரே சொல்லும். அவனுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். கல்யாணத்தின்போது சுல்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: குடித்தால் ரூபே ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கை நமநமக்கும். அந்தக் கைக்கு வேலை கொடுக்கத்தான் புறா வளர்த்தான்; மேலே இருப்பது அவன் கணக்கு நோட்டு.

ஆனால் புறாப் பந்தயக் கடிகாரம் இருந்தது ஃபிலோமேன் என்பவளின் மதுக்கடையில். திரும்பி வந்த புறாவை அங்கே கொண்டுபோய்க் காட்டினால்தான் நேரம் பதிவாகும். அவன் புறாக்கள் எப்போதும் பிந்தியே வந்ததால் சுல்மாவே நிதானமாக எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வருவாள்.

அந்த ஜூன் ஞாயிறு, பந்தயத்துக்காகத் தொலைவில் ஓர்லேயான் ஊருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்ட அவன் சாம்பல் புறா, தெருவில் வேறு எவன் கூரையிலும் ஒன்றுகூட இறங்காத நேரத்தில் அம்பு மாதிரி வந்து விழுந்தது!

“குடுய்யா, நான் ஓடறேன்!” என்றாள் சுல்மா.

“நீ ஓடினா பத்து நிமிஷம். நான் ஓடினா நாலு!”

“உள்ள போனா குடுத்துட்டு வந்துரணும். சொல்லிட்டேன்.”

மரக்கட்டைச் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலில் பறந்தான். கோழிகள் சிதறின. பின்னாலேயே எதிர்வீட்டு பார்னபேயும் பையில் புறாவோடு மூச்சிரைக்க வந்தான். வாசற்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். ஃப்ளோரிமோன் முந்தினான்!

கடையே கூத்தாடியது. ஃபிலோமேன் சாராயக் கோப்பையை நீட்டினாள்.

“ஜெயிச்சவன் குடிக்காம போனா கடைக்கு ஆகாதுடா!”

“அவன் பொண்டாட்டிகிட்ட சீட்டு வாங்கிட்டு வரணும்!” என்றான் தோற்ற பார்னபே.

எல்லாரும் சிரித்தார்கள். வாசனை மூக்கில் ஏறியது. கை தானாக உயர்ந்தது. ஒன்று, மூன்று, அப்புறம் எண்ணிக்கையே இல்லை. வீடு திரும்பியபோது தொட்டிலும் இல்லை, கைப்பிள்ளையும் இல்லை, சுல்மாவும் இல்லை.

ரூபேயிலிருந்து ஒரு வரி வந்தது: வராதே.

ஆகஸ்ட் முதல் தேதி அடுத்த பந்தயம். புறாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மறுபடியும் முதலாவதாக வந்து இறங்கியது! ஃப்ளோரிமோனின் கால்கள் அவனைக் கேட்காமலே ஓடின. மதுக்கடை வாசலில் சாராய நெடி முகத்தில் அடித்ததும் நின்றான். புறாவின் நெஞ்சு அவன் சட்டைக்குள் படபடத்தது. உள்ளே போனால் பரிசு. உள்ளே போனால் கோப்பை.

பார்னபே ஓடி வந்தான்.

“ஏன்டா நிக்கிற? உள்ள போடா, பைத்தியக்காரா!”

“நீ போ.”

“புறா?”

“சட்டைக்குள்ள இருக்கு. போடா, உன் நேரம் ஓடுது!”

பார்னபே உள்ளே பாய்ந்து பரிசை அள்ளினான். ஃப்ளோரிமோன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? “அறுபது பிராங்கை வாசல்லயே விட்டுட்டுப் போனான், குடிக்கப் பயந்து!” என்று பார்னபே போகிற இடமெல்லாம் கேலி பேசினான். ரூபே நெசவாலையில் வேலை பார்த்த அவன் தங்கை காதுக்கு அது போனது. அவள் வழியாக சுல்மாவின் காதுக்கும் போனது.

‘வியாழக்கிழமை ரயிலில் பிள்ளையோடு வருகிறேன், ஸ்டேஷனுக்கு வா’ என்று சுல்மா எழுதினாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் கடிதத்துக்கு வேலையே இருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1886 ஆகஸ்ட் 10, செவ்வாய்.