என் மகள் பெயர் எழுதிய அட்டை

எனக்கு எண்பத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவனுக்கு மட்டும்தான் அப்பா முகம் நன்றாக நினைவிருக்கும். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான்; வேதப்புத்தகத்தை இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் இதே ஹைதராபாத்தில் ஒரு காலம் எம்.எஸ்ஸி. படித்த பெண்கள் தங்களுக்கு ஜோடி சேராததை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் போன பிறகு எங்கள் சபைப் போதகர் சொல்லி, ஓர் ஆஸ்பத்திரி லாபில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கண்ணாடித் தகடு கழுவினேன். அந்த லாபில் குரோமோசோம் பார்ப்பார்கள். ரத்தத்தை மூன்று நாள் சூட்டுப் பெட்டியில் வைத்து, தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் வழியாகப் போட்டோ எடுப்பார்கள். போட்டோவில் கோடு போட்ட புழுக்கள் மாதிரி அவை இறைந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, பெரியதில் தொடங்கிச் சிறியதுவரை ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்ட வேண்டும். இருபத்து மூன்று ஜோடி.

ஒருநாள் வெட்டுகிற பெண் வரவில்லை. டாக்டரம்மா கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். தெலுங்குக்காரம்மா, என்னோடு பேசியே தமிழ் பழகிக்கொண்டவர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது என்று அன்றைக்குச் சொன்னார். கடைசி ஜோடி பெண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆணுக்கு ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்றும் சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது. மறுவாரத்திலிருந்து கத்தரிக்கோல் என்னிடமே இருந்தது. சம்பளம் மட்டும் ஆயா சம்பளம்.

இப்போது என் கடைசி மகள் விஷயம். அல்வாலில் எங்கள் சபைக் குடும்பத்திலேயே கொடுத்தோம். மாப்பிள்ளை அரசாங்கக் கம்பெனியில் கிளார்க். மூன்று வருடத்தில் மூன்று தடவை உண்டாகி மூன்றும் கலைந்தது. முதல் தடவை சம்பந்தியம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவை ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தடவை லோத்குண்டாவில் இருந்த என் வீட்டுக்கு மகளையும் அவளுடைய டிரங்குப் பெட்டியையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டாள். ஈஸ்டர் முடியட்டும், சபைப் பெரியவர்களை வைத்துப் பேசி அத்துவிட்டுவிடலாம் என்று சொல்லியனுப்பினாள்.

நான் மகளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இருவர் ரத்தமும் வேண்டும், ஒருவருடையதை மட்டும் பார்ப்பது இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அல்வாலுக்குப் போய்க் கேட்டேன். சம்பந்தியம்மா கீரை ஆய்ந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்:

"என் மகன் எதுக்கு ரத்தம் குடுக்கணும்? அவனா வயித்துல சுமந்தான்?"

நின்றபடியே திரும்பி வந்தேன். உட்காரக்கூட அவள் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா மாப்பிள்ளையின் ஆபீசுக்குக் கடிதம் போட்டதும் அவர் தானாகவே வந்து கையை நீட்டினார். தலையை மட்டும் தூக்கவில்லை.

போட்டோக்களில் பெயர் இருக்காது, நம்பர்தான். என் வீட்டு விஷயம் என்பதால் டாக்டரம்மா அந்த இரண்டையும் வேறொரு பெண்ணிடம் கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. அவள் ஒரு போட்டோவை முக்கால்வாசி ஒட்டிவிட்டு, சேராததை ஒரு தட்டில் வைத்து வழக்கம்போல என்னிடமே எடுத்து வந்தாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது ஒட்டுற தப்பு இல்லம்மா. இதோட வாலு அறுந்து போய் இன்னொரு ஜோடில ஒண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கு" என்றேன். டாக்டரம்மா வந்தார், பார்த்தார், கவரைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது என் வீட்டு நம்பர்.

மகளுடைய இருபத்து மூன்று ஜோடியும் சரியாக இருந்தன.

மாப்பிள்ளையிடம் மொத்தத்தில் எதுவும் குறையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. அதனால் அவர் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். வால் அறுந்தது போய், அந்த வாலைச் சுமப்பது போகாமல் விட்டால், பிள்ளை தங்காது. இரண்டும் சேர்ந்து போனாலோ, இரண்டும் போகாமல் நல்லதாகவே போனாலோ, தங்கும். இதை டாக்டரம்மா மாப்பிள்ளைக்கு விளக்கி, போட்டோ ஒட்டிய அட்டையைக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அல்வாலில் கூடினோம். சபைப் பெரியவர்கள் மூன்று பேர். ஜெபம் முடிந்த கையோடு சம்பந்தியம்மா அந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

"குறை இருக்குன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. மேல யார் பேர் இருக்குன்னு பாருங்கய்யா."

பெரியவர் ஒருவர் கண்ணாடி போட்டுப் படித்தார். என் மகள் பெயர்தான் இருந்தது. மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் ஒரே ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

எங்கள் லாபில் எந்தத் தம்பதி வந்தாலும் அட்டை பெண்ணின் பெயரில்தான் போடுவார்கள். பிள்ளை அவளுக்குத்தானே நிற்கவில்லை, அதனால் கேஸ் அவளுடையது. புருஷன் ரத்தம் என்பதைக் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பார்கள். நானும் எத்தனையோ அட்டை ஒட்டியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அது உறைக்கவில்லை.

அட்டையை வாங்கினேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, படம் தெரியும். கடைசி ஜோடியில் விரலை வைத்தேன்.

"அய்யா, இதப் பாருங்க. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. இது ஆம்பளை ரத்தம். என் மக ஆம்பளையா?"

பெரியவர் அட்டையைக் கண்ணருகில் கொண்டுபோய், ஓரத்துப் பொடி எழுத்தைக் கண்டுபிடித்து வாசித்தார். வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை அப்போதுதான், "ஆமா, என்னோடதுதான்" என்றார்.

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் கர்த்தரோட சித்தம். இதுல யார் மேல என்ன தப்பு இருக்கு?" என்றாள்.

"மூணு வருஷமா என் மக மேல இருந்துச்சே, அந்தத் தப்பு இப்ப எங்க போச்சு?" என்று கேட்டேன். பெரியவர்களில் ஒருவர், காபி குடிக்கலாமே என்றார். நான் அந்த வீட்டுக் காபியைத் தொடவில்லை. அதற்குப் பிறகும் தொட்டதில்லை.

மறுநாள் லாப் கிளார்க்கிடம் போய், மாப்பிள்ளை பெயரில் தனி அட்டை போடச் சொன்னேன். அவன் "கைக்கு அம்மா, கைக்கு?" என்று இந்த ஊர் உருதுவில் கேட்டுச் சிரித்தான். எதற்காம். என்ன வழக்கமோ அதுதான் என்றான். அன்றைக்கு நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. அவன் மேஜை முன்னாலேயே நின்றேன். மத்தியானம் டாக்டரம்மா வந்து, இனிமேல் ஆளுக்கொரு அட்டை என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். அப்போதும் ஒரு கிழவிக்குப் பிடிவாதம் என்றுதான் அங்கே பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

மாப்பிள்ளை ஒரு வாரம் கழித்து ஸ்கூட்டரில் வந்து கேட்டருகே நின்றார். நான் கூப்பிடவில்லை. மகள்தான் போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இதுவரை கேட்டதில்லை. தனி வீடு பார்த்த பிறகுதான் அவள் போனாள். அடுத்தது தங்கியது.

தங்கியது யார்? இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறாயே, நீதான். ஞாயிறு பள்ளியில் நீ தமிழெழுத்துக் கற்றுக்கொண்டது இதற்காவது உதவியது. ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது உன் பேனா நின்றதை நான் கவனித்தேன். உன் அப்பா இப்போது நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். அது நீ எழுதுகிறதில் இருக்க வேண்டும். எங்கே, முதலிலிருந்து படி, கேட்கிறேன்.