அஷ்டமிக்குத் தப்பிய பயணம்

அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். போகிற ஊரைவிட, போனதற்குக் கிடைக்கும் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். எனக்கும் பிடித்திருந்தது. நெசவு மெஷின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் ஐரோப்பாவிலோ, அங்கே போகிற வழியிலோ இருப்பேன். ஒரு ஐரோப்பிய விமானக் கம்பெனியின் உறுப்பினர் அட்டை வைத்திருந்தேன். அந்தக் கம்பெனியின் விமானம் மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் விமான எண் போட்ட டிக்கெட்டை வாங்கி, கூட்டாளிக் கம்பெனியின் விமானத்தில் ஏறுவேன். புள்ளி என் அட்டைக்கு வந்துவிடும்.

செல்லூர் வீட்டில் அம்மாவுக்கு இதை விளக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

"அப்ப பத்திரிகைல ஒரு மண்டபத்தப் போட்டுட்டு, பக்கத்து மண்டபத்துல கல்யாணம் பண்றாய்ங்களா?"

"அதேதாம்மா."

"சோறு போட்டாச் சரி" என்றாள். இவ்வளவு தெளிவாக எந்தக் கஸ்டமர் கேரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

அந்த வருஷம் எனக்கு, புள்ளி நிறையச் சேர்த்தவர்களுக்குத் தரும் தங்க அட்டை வேண்டியிருந்தது. பந்தாவுக்கு இல்லை. சரி, கொஞ்சம் பந்தாவுக்கும்தான். ஆனால் உண்மையான காரணம் அம்மாவின் முழங்கால். ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சிக்கு ஜனவரியில் பிரசவம். அம்மாவை நான்தான் கூட்டிப்போக வேண்டும். வழியில் துபாயில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தங்க அட்டை இருந்தால் விமான நிலையத்தின் சொகுசு ஓய்வறைக்குள் கூட ஒருத்தரை அழைத்துப் போகலாம். "கால நீட்டி ராணி மாதிரி சாஞ்சுக்கலாம்மா" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். டிசம்பர் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு பயணம் போனால் தங்கம்.

அந்தப் பயணத்துக்குக் கிளம்ப நான் குறித்த நாள் அஷ்டமியாகப் போய்விட்டது. வெறும் சூலமாக இருந்தால் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லியிருப்பாள். அஷ்டமிக்கு அம்மாவிடம் பரிகாரமே கிடையாது. அன்றைக்குத் துடைப்பம்கூட வாங்க மாட்டாள்.

"எம்புட்டோ நாள் கெடக்கு. அஷ்டமியப் பாத்துத்தான் கெளம்புவியா? புள்ளப்பேறு நேரத்துல எதுக்குடா வம்பு?"

பிரசவத்தை இழுத்துவிட்டாள். அதற்குமேல் நான் வாதாடவில்லை. பழங்காநத்தத்தில் எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவரைக் கூப்பிட்டு, நவமியும் கழியட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். "அதே பிளைட்டு, அதே நேரம், அதே ஜன்னல் சீட்டுண்ணே" என்றார். எல்லாம் உண்மை. எண் மட்டும் வேறு. அந்த நாளுக்கு ஐரோப்பியக் கம்பெனி எண்ணில் இடமில்லை என்று, விமானத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் எண்ணிலேயே சலுகை டிக்கெட் போட்டிருந்தார். அந்த டிக்கெட்டுக்கு என் அட்டையில் புள்ளி கிடையாது. ஊருக்கெல்லாம் இந்தச் சூட்சுமத்தைப் பாடம் எடுத்தவன், என் டிக்கெட்டை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. டிசம்பர் முடிந்து, வராத புள்ளியைக் கேட்டு எழுதியபோது, மன்னிக்கவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஜனவரியில் துபாயில் இறங்கினோம். அம்மாவை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிரிலேயே ஓய்வறையின் கண்ணாடிக் கதவு.

"அதுக்குள்ள யாருடா போறா?"

"அங்க வேல பாக்குறவங்கம்மா. நாஞ் சொன்ன ரூம் இன்னைக்கி மூடிட்டாங்களாம்."

மூன்று மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. என் பையின் மேல் அவள் காலைத் தூக்கி வைத்து நீவிவிட்டேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. அவளோ குஷியாகப் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவனியாபுரத்தில் அவள் அக்கா வீட்டு மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தாளாம். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்து, வடகம் மொத்தத்தையும் காக்காய்க்கு விட்டுவிட்டு அடி வாங்கினாளாம். "அடி வாங்குனது வீண்போகல பாத்தியா, அதுலயே வந்துட்டேன்" என்று சிரித்தாள். அத்தனை மணி நேரம் அவள் பக்கத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இப்போது நினைத்தால் அந்த இரும்பு நாற்காலிக்காக ஏங்குகிறேன்.

ஊர் திரும்பிய பிறகு, அவளிடம் மட்டும் நான் சொல்லியிருந்ததைத் தங்கச்சி போனில் அம்மாவிடம் உளறிவிட்டாள். "நீ நாள் மாத்தச் சொல்லித்தாம்மா அண்ணனுக்கு அட்ட கெடைக்காமப் போச்சு."

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடுமுன் நானே அவளிடம் நாள் கேட்டேன். காலண்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஒனக்கு என்னைக்கிப் புள்ளி விழுகுதோ அன்னைக்கிக் கெளம்பு. அதான் நல்ல நாளு."

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க அஷ்டமியிலும் நவமியிலும் கிளம்பினேன். ஒவ்வொரு முறையும் வாசல்வரை நொண்டி நொண்டி வந்து, "நல்லாப் போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

தங்க அட்டை வருஷக் கடைசியில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அம்மா போய்விட்டாள்.

துபாயில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் முதல் தடவையாகப் போனேன். மேஜையில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "உங்களுடன் யாராவது வருகிறார்களா?" என்று கேட்டாள்.

பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னேன்.